மாதம் பத்துப் பெயர்

பத்தாவது பெயரையும் செல்பேசியில் தட்டிவிட்டு ஹோஷுர் நிமிர்ந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் போலச் சீனாவின் மேற்கிலிருந்து வந்த உய்குர் முஸ்லிம்கள். தங்கள் பெயர் சீனப் போலீசுக்குப் போகிறது என்று தெரிந்தாலும் அவர்களில் ஒருவர்கூட எழுந்து வந்து தடுத்திருக்க மாட்டார்.

அப்பா பெயர், சொந்த ஊர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து அனுப்பினார். பிறகு பேருந்து பிடித்துக் கடைக்குப் போனார்.

இஸ்தான்புல்லில் அவருக்கு ஒரு லக்மான் கடை இருந்தது. மாவைக் கையால் இழுத்து இழையாக்கி, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தரும் கடை. எட்டு மாதம் முன்பு ஒரு நாள், மாவு பிசைந்துகொண்டிருந்தபோது செல்பேசித் திரையில் அம்மாவின் முகம் தெரிந்தது. ஆறு வருடமாகக் குரலைக்கூடக் கேட்டிராத அம்மா. ஹோஷுர் வாய் திறப்பதற்குள் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கையசைத்தான். சொந்த ஊர்ப் போலீஸ்காரன், பெயர் குவோ.

குவோ மிரட்டவில்லை. அண்ணா என்றுதான் கூப்பிட்டான். இஸ்தான்புல்லுக்கு வந்து சேர்ந்த உய்குர்கள் யார் யார் என்று மாதம் பத்துப் பெயர் எழுதி அனுப்பினால் போதும், அம்மாவோடு மூன்று நிமிடம் பேசலாம் என்றான்.

சீன அரசாங்கம் வானத்திலிருந்து உலகத்தையே பார்க்கிறது என்று பெயர். வேவு பார்க்க ஆள் கிடைக்காமல் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று ஹோஷுருக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், நேரே மையவாடிக்குப் போனார்.

பழைய மதிலுக்கு வெளியே இருந்த அந்த இடுகாட்டில் உய்குர்களுக்கென்று ஒரு மூலை உண்டு. ஊரை விட்டு ஓடிவந்து இங்கேயே மண்ணானவர்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் மூன்றையும் கபர்க்கல்லில் வெட்டி வைப்பார்கள். திரும்பிப் போக முடியாதவர்களின் ஊர் கல்லிலாவது இருக்கட்டும் என்றுதான்.

மனைவி பாத்திகுல் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "கண்டுபிடிச்சிட்டா அத்தை கதி என்னாகும்?"

"அந்த மடையனா கண்டுபிடிப்பான்? ஒருத்தன் இங்க எந்தத் தெருவுல இருக்கான்னு இதுவரைக்கும் கேட்டதில்ல. அப்பன் பேரு, ஊரு, அவ்வளவுதான் வேணும் அவனுக்கு. இவனெல்லாம் உளவு பாக்க வந்துட்டான்."

ஐந்தாம் மாதம் குவோவின் சட்டைத் தோளில் புதிதாக ஒரு நட்சத்திரம் ஏறியிருந்தது. எல்லாம் அண்ணன் தயவு என்று குழைந்தான். அன்று அடுப்படியில் ஹோஷுர் அவனைப் போலவே குழைந்து காட்ட, பயந்தவளான பாத்திகுல்கூட முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிணங்களைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கிய உலகத்தின் ஒரே போலீஸ்காரன் என்றார் ஹோஷுர்.

அந்த மூன்று நிமிடமும் அம்மா பக்கத்தில் எதையோ பார்த்துப் படித்தாள். அரசாங்கம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது, வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது, இப்படி. ஒருமுறை மட்டும் படிப்பதை மறந்து, ஏன்டா இப்படி மெலிஞ்சுட்ட என்று கேட்டுவிட்டாள். குவோ இருமினான். அந்த ஒரு கேள்விக்காக இன்னும் நூறு பெயர் எழுதலாம் என்று ஹோஷுருக்குத் தோன்றியது.

ஒன்பதாம் மாதம் ரெய்ஹான்குல் கடைக்கு வந்தாள். செருப்புத் தைத்துப் பிழைத்த துர்தியின் விதவை. சாப்பிட எதுவும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

துர்தி இருபது வருடம் முன்பு வேறொருவர் பெயரில் இருந்த பாஸ்போர்ட்டில் தப்பி வந்தவர். ஆற்றில் மூழ்கிப் போனான் என்று அவருடைய வீட்டார் அங்கே அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்து, இறந்தவருக்கான பாத்திஹாவும் ஓதிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை வருடம் அந்தக் குடும்பத்தை யாரும் தொடவில்லை. போன வாரம் அவர் தம்பியையும் தம்பி மனைவியையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். வெளிநாட்டுக்கு ஓடியவனை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்களாம்.

"அவரோட நிஜப் பேரு இந்த ஊர்ல எந்தக் காகிதத்துலயும் கிடையாது, தம்பி. கல்லுல மட்டும்தான் வெட்டினேன். யாரு போய்ச் சொல்லியிருப்பாங்க?"

ஹோஷுர் அனுப்பிய மூன்றாம் மாதப் பட்டியலில் முதல் பெயர் துர்தி.

அவள் போன பிறகு, மாவு ஒட்டிய கையோடு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். துர்தி உயிரோடு இருக்கிறான் என்று அந்த முட்டாள் நம்பிவிட்டான். துர்தியை வரவழைக்கத்தான் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவான். ஆனால் அதன் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

பாத்திகுலிடம் கேட்டார். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு செல்பேசியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

குவோ எடுத்ததும் ஹோஷுர் ஒரே மூச்சில் சொன்னார். "நான் உன்னை ஏமாத்திட்டேன். எண்பது பேரும் செத்தவங்க. கபர்க்கல்லப் பாத்து எழுதினது. துர்தி மண்ணுக்குள்ள போயி நாலு வருஷம் ஆச்சு. என்னை என்ன வேணா பண்ணு, அவன் தம்பிய விட்டுடு."

குவோ கத்துவான் என்று எதிர்பார்த்தார். தேநீர் உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"அது முதல் மாசமே தெரியும் அண்ணா. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் இங்க உயிரோடதான இருக்காங்க."