அமுதக் கஞ்சி

சுனாமிக்குப் பிறகு ஈ.சி.ஆர். ஓரம் முளைத்த ஆசிரமத்து யோகி, உப்பள முதலாளி அர்ச்சுனனுக்கே உப்புத் தண்ணீர் கொடுத்துக் குடலைக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு அர்ச்சுனன் வயிற்றில் இட்லிகூடத் தங்கவில்லை.

“கழுவுறதுக்குக் குடல் என்ன குண்டானா? பொண்ணத் தாரை வார்க்கும்போது நடுவுல எழுந்து ஓடப்போறீங்களா?” என்றாள் மனைவி சுலோசனா. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் ஆசிரமத்துக்குப் போய் முறையிட்டார். யோகி கலங்கவில்லை. “வெறுங்குடல் தேற என் அமுதக் கஞ்சிதான் மருந்து. பொழுது சாயும்போதுதான் அதுக்குச் சக்தி.”

பூண்டும் வெந்தயமும் மணக்க மாலைதோறும் கஞ்சி கிடைத்தது. அர்ச்சுனன் தெம்பாக நடமாடத் தொடங்கினார்.

“பாத்தியாடி? ஞானி அவரு! இந்தப் பக்குவம் ஊர்ல எவனுக்குத் தெரியும்?”

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையும் தூக்குவாளியோடு ஆசிரமம் போனார்.

“கஞ்சி இல்லீங்களே” என்றான் சமையல்காரன் ஜெயசீலன்.

“ஏம்பா, சாமி காய்ச்சலையா?”

“சாமி என்னைக்குங்க காய்ச்சினாரு? கூனிமேட்டுப் பள்ளிவாசல்ல நோன்புக்கு எல்லாருக்கும் சும்மா ஊத்துவாங்க, நான் போய் வாங்கியாருவேன். நேத்துப் பிறை தெரிஞ்சிடுச்சி, இன்னிக்கு ரம்ஜான். இனிமே கஞ்சி அடுத்த வருஷம்தான்.”

“சாமி எங்கப்பா?”

“அங்கதாங்க, பிரியாணிக்குப் போயிருக்காரு.”