பின்வரிசை டிரம்பெட்

மேடையின் பின்வரிசையில் லியோனார்ட் டிரம்பெட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். கீழே அரங்கில் அவன் மனைவி பிலோமி அவன் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊதும்போது அந்தக் கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கும். இடது கன்னம் வலதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உப்பும். கல்யாணத்துக்கு முன்பே, அந்தோணியார் தேருக்கு முன்னால் அவன் ஊதிக்கொண்டு போனபோது பார்த்து வைத்தது.

இன்று அந்த நரம்பு புடைக்கக் கூடாது.

துறைமுகத்தில் வருஷக்கணக்காக நிலக்கரி இறக்கிய நெஞ்சு அது. இனி பலம் கொடுத்து ஊதினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சண்டை போட்டு அவனை மாதா கோயில் பேண்டிலிருந்து நிறுத்தியவள் பிலோமிதான்.

அப்போதுதான் இந்த இசைக்குழு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. அவர்கள் வாசிக்கப்போகும் சிம்பொனிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பித்தளை வாத்தியங்கள் வேண்டும். நோட்டு பார்த்து ஊதத் தெரிந்தவர்கள் ராயபுரம் பேண்டு செட்டுகளில் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லியோனார்டையும் கூப்பிட்டார்கள். அவன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். தெருவே இப்போது இந்தப் பள்ளிக்கூட அரங்கின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தது.

ஒத்திகைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் அவன் கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். ரத்தம் இல்லை. ஆனாலும் ஒத்திகை வேறு, இது வேறு. காலையில் அவள் வாசலை மறித்தபோது அவன் ஒன்றுதான் சொன்னான்.

“இன்னிக்கு ஒரு நாளு வுடு, பிலோமி.”

முரசு தொடங்கியது. சின்ன முரசுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல இருந்தது. அதே தாளம், மாறாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தெருவளவு நெருங்கிவந்தது.

இந்த இசை, எதிரிப்படை சுற்றி வளைத்த ஒரு நகரத்துக்காகப் போர்க்காலத்தில் எழுதப்பட்டது என்று வாசலில் கொடுத்த தாளில் போட்டிருந்தது. பிலோமியின் தெருக்காரர்கள் அதைப் படிக்கவில்லை. முரசு பக்கத்தில் வந்தபோது எல்லோரும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்கள். முதல் பாகம் முடிந்ததும் கைதட்டி விசிலடித்தார்கள். முன்வரிசையில் அடையாறிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் வந்தவர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

அடுத்தது மெதுவான பகுதி. வயலின்கள் மட்டும். காசிமேட்டு மீன் ஏலத்தில் எதிர்வீட்டு ஐரீன் குரலுக்கு மேல் யாரும் குரல் எழுப்பியதில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சுளித்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

இந்த முறை யாரும் விசிலடிக்கவில்லை.

கடைசிப் பாகத்தில் பின்வரிசை எழுந்து நின்றது.

லியோனார்ட் டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். பிலோமி கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

அத்தனை பித்தளையும் ஒரே நேரத்தில் எழுந்தது. நாற்காலி அதிர்வது தொடையில் தெரிந்தது. கப்பல் புறப்படும்போது கேட்கும் சத்தம்போல முதலில் வயிற்றில் கேட்டு அப்புறம்தான் காதுக்கு வந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை மனிதர்கள் மூச்சால் கட்ட முடியுமா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

நரம்பு புடைக்கவில்லை.

கன்னம் தட்டையாக இருந்தது. விரல்கள் மட்டும் பிசகாமல் அழுத்தி எழுந்தன. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

அவன் ஊதவில்லை.

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அவனுக்கு இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? இத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டால்?

பக்கத்து வீட்டுச் செல்வம் முழங்கையால் இடித்தான். “அண்ணி, அண்ணன் சவுண்டு தனியா கேக்குது பாரு.”

முடிந்தது. அரங்கமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசைக்காரர்கள் பின்பக்கம் திரும்பி, விசிலடித்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கைதட்டல் ஓயவில்லை. இசைக்குழுவை நடத்தியவர் மைக் அருகில் வந்து கையமர்த்தினார். பாதிரியார் ஒருவர் அவர் பேச்சைத் தமிழில் சொன்னார்.

அந்த நகரத்தில், முற்றுகைக்குள்ளேயே, இதை வாசித்தார்களாம். பட்டினி. வாத்தியக்காரர்கள் சிலருக்கு ஊத மூச்சில்லை. பரவாயில்லை, உதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், உங்கள் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லி அவர்களையும் அழைத்து வந்தார்களாம்.

“அவர்கள் நினைவாக நாங்கள் எங்கே வாசித்தாலும், ஊத முடியாத ஒரு கலைஞரைத் தேடி அழைத்து எங்கள் நடுவில் நிறுத்துகிறோம். இன்றும் ஒருவர் நின்றார். அவர் இல்லாமல் எங்களுக்கு இந்த இசை முழுமையாகாது.”

யார் என்று அவர் சொல்லவில்லை.

மேடையில் லியோனார்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒல்லியான வெள்ளைக்காரர் நேராக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்காரர்கள் எல்லோரும் எட்டி எட்டித் தேடினார்கள். செல்வம்தான் முதலில் கண்டுபிடித்தான்.

“அண்ணன் பக்கத்துல நிக்கிறான் பாரு ஒல்லிப்பிச்சான், அவன்தான் அண்ணி. ஊதற மூஞ்சியா அது? நம்ம அண்ணன் உசுரக் குடுத்து ஊத, அவன் சும்மா பாவ்லா காட்டிகினு இருந்துகீறான்.”

“அவன்தான்,” என்றாள் பிலோமி.