துயருறுவோர் வரிசை

அப்பாவின் பெயரை அடித்து முடித்துவிட்டு, துயருறுவோர் யார் யார் என்று கேட்டாள் அச்சகக்காரி.

கைப்பையிலிருந்து அப்பாவின் தாளை எடுத்தேன்.

தன் அஞ்சலித் தாளைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இருபத்தாறு வருஷம் தலைமையாசிரியராக இருந்த மனிதர். பிறர் எழுதினால் பிழை வரும் என்று பயம். படம் எங்கே, சிலுவை எங்கே, கறுப்புக் கட்டம் எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அதில் இருந்தது.

எங்கள் ஊரான கியூஸ்தெண்டிலில் ஒருவர் போய்விட்டால் மதியத்துக்குள் அவர் தாள் வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக் கடை எதிரே உள்ள மரத்திலும் ஏறிவிடும். ஊர் முதலில் படத்தைப் பார்க்கும். பிறகு கண் நேராகக் கீழே இறங்கி, துயருறுவோர் வரிசையில் போய் நிற்கும். யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதில் எல்லோருக்கும் ஒரு ருசி.

அம்மாவின் தாளில் என் தம்பி விதான் பெயர் இல்லை.

அம்மா இறந்தபோது அவன் ஸ்பெயினில், வலென்சியாவில், ஓர் ஆரஞ்சுக் கிடங்கில் வேலையில் இருந்தான். அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து வந்து வாசலில் நின்றான். அப்பா கதவைத் திறக்கவில்லை.

மகன் பெயர் இல்லாத அந்தத் தாளை நாற்பதாம் நாள் மறுபடி ஒட்டினார். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒட்டினார். பதினோரு வருஷம்.

இந்த முறை விதான் நேரத்துக்கு வந்துவிட்டான். எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நான் வாசித்தேன். மகள் நெவெனா. காட்டுப்பேரி. மருமகன் பென்சோ.

அச்சகக்காரியின் விரல்கள் நின்றன.

"இதென்னம்மா, பேரிக்காயெல்லாம் துக்கம் கொண்டாடுதா?"

அது ஓர் ஆளின் பெயர் என்று சொன்னேன். இணையத்தில் பழமரம் வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அம்மா போன பிறகு அப்பாவுக்கு அதுதான் கதி. அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பா முன்னால் நிற்கும் பிள்ளை தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட வேண்டும். அதே மனிதர் அந்தக் குழுவில் வெறும் சாக்பீஸ். அங்கே ஒருவரின் நிஜப் பெயரைக் கேட்பது, அடுத்த வீட்டுக்குள் போய் அவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. புதிதாக வந்த ஒருவன் காட்டுப்பேரியிடம் பேர் என்ன, ஊர் எது என்று குடைந்தபோது, அப்பா நான்கு பத்தி எழுதி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ஏழு வருஷம் இருவரும் ஒட்டுக்கட்டுவது, பட்டை அழுகுவது, மொட்டு கருகுவது என்று பேசித் தீர்த்தார்கள். ஒரு தடவை அப்பா என்னிடம், வலென்சியாவில் உறைபனி விழுமா என்று கேட்டார். கோபம் தணிந்துவிட்டது என்று நம்பி விதான் பேச்சை எடுத்தேன். மடிக்கணினியை மூடிவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் இந்தத் தாளை என் கையில் கொடுத்தார். யார் இந்தக் காட்டுப்பேரி, பென்சோவுக்கு முன்னால் எதற்கு என்று கேட்டேன். மூன்று வருஷமாக அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் என் கணவர் பென்சோ. இதைப் பார்த்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "யாருன்னு நான் கேக்கல, நெவெனா. அவனாவே சொல்லுவான்னு இருக்கேன்."

எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. பெயரைச் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாத யாரோ ஒருவன் எனக்கு அடுத்து நிற்பான், பெற்ற பிள்ளை வெளியே நிற்பானா? அப்பாவை நான் நேசித்தேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அச்சகத்துக்கு வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். செத்தவர் எழுந்து வந்து திருத்தப் போவதில்லை. அந்த வரியை அழித்துவிட்டு, அதே இடத்தில் மகன் விதான் என்று போடச் சொன்னேன்.

"அதை அழிக்காதீங்க."

விதான் எழுந்து வந்திருந்தான். தாளைக் கேட்டு வாங்கினான். அப்பாவின் கையெழுத்தில் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றான். அந்தப் பெயரை என் பெயருக்கு அடுத்துப் போடச் சொன்னது யார் என்று கேட்டான்.

அப்பாதான் என்றேன். ஆள் யாரென்று தெரியாமலேயா என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

அவன் முகம் உடைந்துவிட்டது. அம்மாவுக்காக வந்து மூடிய கதவின் முன் நின்றபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்நியப் பெண் ஒருத்தி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் குலுங்கினான்.

தன் பெயர் இல்லை என்றுதான் அழுகிறான் என்று நினைத்தேன். அவன் தோளைப் பிடித்து, சரி, அந்த ஆள் இருந்துவிட்டுப் போகட்டும், கீழே இடம் இருக்கிறது, உன் பெயரையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம்க்கா. ஒரே ஆள் பேரை எதுக்கு ரெண்டு தடவை போடணும்?"