தோள் உயரத்தில் ஒரு கவை

துப்பாக்கிக் குழலைத் தாங்க ஒரு கவைக்கம்பு வேண்டுமென்று வீரணன் காலையிலிருந்து காட்டில் தேடிக்கொண்டிருந்தான். வெட்டுவான், ஊன்றுவான், கவையில் குழலை வைத்துக் குறிபார்ப்பான், பிடுங்கி எறிவான். ஒன்று ஆடியது. ஒன்று அரை விரல் உயரம் கூடிப்போனது. இன்னொன்றில் குறையே இல்லை, அதையும் எறிந்தான்.

“என்ன மாமா, கம்பு பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?” என்று கேட்டுவிட்டு மைத்துனன் காளி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பதினோரு வருடம் வீரணனுக்குக் கம்பு தேவைப்படவில்லை. மனைவி பூவாயி முன்னால் நிற்பாள். அவள் வலது தோள்மேல் குழலை வைத்துச் சுடுவான். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். அந்தப் பக்கத்துக் காதும் பிறகு மற்றக் காதும் எப்போது கேட்காமல் போயினவென்று அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவுமில்லை. போன மாசியில் யானை வலப்பக்கமிருந்து வந்தது. அவன் கத்திய கத்தலில் புதரிலிருந்த காடைகளெல்லாம் எழுந்து பறந்தன. அவள் மட்டும் திரும்பவில்லை.

காளி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவனுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றான்.

“வைங்க மாமா. அக்கா ஒசரந்தான் நானும்.”

ஓடைக்கு அப்பால் ஒரு மான் தலை தூக்கியது. வீரணன் அந்தத் தோளில் குழலை வைத்தான். விரல் விசைக்குப் போனது.

“மாப்ள, காதப் பொத்திக்க.”

காளி இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டான். மான் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் போயிற்று. வெடி கிளம்பவில்லை. தோளில் குழல் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் வீரணன் அழுதது காளிக்குக் கேட்கவில்லை.