கண்ணாடி மேடம்

"இருபது வருஷமா வளையும் வளையும்னு சொல்றீங்க. வளைஞ்சு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே மேடம்."

நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர்.

'சிப்' என்கிற சிலிக்கான் சில்லைத் துணி மாதிரி வளையவைத்து, நோயாளியின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கருவி செய்ய வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் அவளுடைய பிடிவாதம். சில்லோ கண்ணாடிச் சாதி, வளைத்தால் உடையும். உடைத்த சில்லுகளின் புண்ணியத்தில் நிலையம் முழுக்க அவளுக்குக் 'கண்ணாடி மேடம்' என்றே பெயர். வீட்டில் மாமியார்கூட மருமகள் கையில் கண்ணாடி டம்ளரைக் கொடுப்பதில்லை.

இந்த ஆய்வுக்கூடத்தைப் பூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தலைவர் வந்திருந்தார். பூட்டத்தான் வந்திருக்கிறார் என்பது வாசல் காவலாளிக்கே தெரியும்.

உள்ளே வருமுன் வழக்கமான அலங்காரமெல்லாம் நடந்தது. வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, செருப்புக்கு உறை, மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை. உடம்பில் தேங்கும் மின்சாரம் பட்டால் சில்லு செத்துவிடும் என்பதால் பட்டை இல்லாமல் யாரையும் விடுவதில்லை. அதை அவளே கட்டிவிட்டாள். இதெல்லாம் ஒரு கேடா என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினார்.

அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. போன தடவை பேசிக்கொண்டே அவளுடைய பேனா மூடியை ஒடித்துப் போட்டுவிட்டுப் போனவர். இப்போதும் பட்டையை மடிப்பதும் முறுக்குவதுமாக இருந்தார். பிறகு மேசைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சில்லை எடுத்தார்.

அது போன வருஷத்துது, உடைந்துவிடும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உடைந்தது.

"இந்த வருஷத்துது எங்கே?"

"சோதனையில இருக்கு சார்."

மூலையில் இருந்த திரையைக் காட்டினாள். பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அது எப்ப முடியும்?"

"நீங்க கிளம்பறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற பிரிவுகள் எங்கேயோ போய்விட்டன, இங்கே குப்பைத்தொட்டிதான் நிறைகிறது என்று பொரிந்து தள்ளினார். ஆனாலும் அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. இந்த வருஷச் சில்லைத் தலைமுடியைவிட மெலிதாகத் தேய்த்து, இரண்டு ரப்பர் ஏடுகளுக்கு நடுவே வைத்திருந்தாள். நடுவில் இருப்பதால் எப்படி வளைத்தாலும் அது அதிகம் இழுபடாது, நசுங்காது என்பது அவள் கணக்கு. இதுவும் உடைந்தால் வேறு வழி அவளிடம் இல்லை.

"போதும் மேடம். நாளைக்குச் சாவியைக் கொடுத்துடுங்க."

எழுந்த வேகத்தில் மணிக்கட்டுப் பட்டையைப் பிடுங்கினார். கசக்கி உருட்டி மேசைமேல் எறிந்தார்.

திரையில் பச்சைக் கோடு அப்படியே படுத்துவிட்டது.

"பாருங்க, அதுவும் போச்சு," என்றார் தலைவர்.

கசங்கிக் கிடந்த பட்டையை அவள் எடுத்தாள். விரலால் நீவித் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கோடு மறுபடி எழுந்து, முன்னைவிட வேகமாகத் துள்ளியது.

"இது என் நாடி சார். இவ்வளவு நேரம் ஓடினது உங்களோடது."