சிவப்பு நாற்காலி

நாளைய தாக்குதலுக்காக மேஜைமேல் ஒரு மாதிரி: மணலில் குவித்த மலை, நீலக் கம்பளி நூலில் ஓடும் ஆறு. எல்லை முகாமுக்கு வந்து மூன்றே நாளான கேப்டன் நைத்தானி, பாலத்தின் மேல் தன் கொடியை நட்டார்.

எதிரியாக யோசிப்பவருக்கென்றே போட்டிருந்த சிவப்பு நாற்காலியில் மேஜர் பர்த்வால் பக்கோடா மென்றுகொண்டிருந்தார்.

"பாலத்து வழியா வர்றியா? வா, வா. வலது பாறையில என் துப்பாக்கி இருக்கு. முதல்ல வர்றவன் காலி."

"பாறையில ஆள் இருக்கான்னு யாருக்கும் தெரியாது சார்!"

"இல்லேன்னு தெரியுமா?"

மூன்றாவது திட்டமும் தவிடுபொடி. நைத்தானிக்குப் பொறுக்கவில்லை.

"உக்காந்த இடத்துலேருந்து ஓட்டை கண்டுபிடிக்கறது சுலபம் சார். நாளைக்கு விடியக்காலம் ஆத்தைத் தாண்டறவன் பாடு உங்களுக்கென்ன தெரியும்?"

மேஜையின் மறுபுறம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரிகேடியர் டிம்ரி சிரித்தார்.

"நீ புதுசு, உனக்குத் தெரியாது. இங்கே முதல் ஆளா ஆத்தைத் தாண்டப் போறவருக்குத்தான் அந்த நாற்காலி. குண்டு எங்கேருந்து வரும்னு அவரைவிட அக்கறையா யார் தேடுவாங்க?"

நைத்தானி சல்யூட் அடித்தார். உயர்ந்த கை இறங்கவே இல்லை.

"கையை இறக்கு, நாலாவது திட்டத்தைச் சொல்லு," என்று பக்கோடாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார் பர்த்வால். "பாறையில ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் நான் அக்கரை போய்ச் சேரணும்."