ராணியின் புருவம்

"துண்டை மடிக்கிற லட்சணமா இது? ஒரு முனை கிழக்கே போகுது, ஒரு முனை மேற்கே போகுது."

மாமியார் ஆரம்பித்துவிட்டார். மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்தது தான்தான் என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதமாக வீட்டில் இதே பாட்டுதான். நேற்று குழாய் சொட்டியதற்கு. முந்தாநாள் செருப்பு கோணலாகக் கிடந்ததற்கு.

அம்மா குளிக்கப் போனதும், புத்தகங்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த செல்போனை மனைவி எடுப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"அம்மா திட்டுறதை வீடியோ எடுத்தியா?"

"ஆமாங்க."

"எதுக்கு? யார்கிட்ட காட்டப் போறே?"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். முந்நூறு வருஷத்துப் பழைய ஓவியம். அதில் ஒரு ராணி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஓவியத்தை வச்சு மியூசியத்துல ஒரு நிமிஷ அனிமேஷன் கேட்டாங்கல்ல? ராணி கோபப்பட்டுத் தளபதியை விரட்டணும். நான் வரைஞ்சா பொம்மை மாதிரி முறைக்கிறா. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் சரியில்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க."

"அதுக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"அத்தைக்குக் கோபம் வந்தா முதல்ல இடது புருவம் மட்டும் ஏறும். அப்புறம்தான் வாயைத் திறப்பாங்க. அதைப் பார்த்துத்தான் வரையறேன்."

"சொல்லிட்டே எடுக்கலாமே."

"சொன்னா போட்டோவுக்கு நிக்கிற மாதிரி சிரிப்பாங்க."

அது வாஸ்தவம்தான்.

திரையிடும் நாளில் மியூசியம் ஹால் நிரம்பி வழிந்தது. மூவரும் முன் வரிசையில். விளக்கு அணைந்தது. ராணி மெல்ல மூச்சு விட்டாள். இடது புருவம் ஏறியது. தளபதி ஓரடி பின்னால் போனான். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்கள்.

படம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. மியூசியத் தலைவர் மேடையேறி, "மீதி இருக்கிற பன்னிரண்டு ஓவியத்துக்கும் இவங்கதான் உயிர் கொடுக்கணும்" என்று அறிவித்தார். மேடைக்குப் போன மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளை ஜெயித்தவளாகப் பார்க்க அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் பக்கத்தில் திரும்பத்தான் பயமாக இருந்தது. திரையில் வந்தது யாருடைய கோபம் என்று அம்மாவுக்குத் தெரியாமலா போகும்?

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. அவ உனக்குத் தெரியாம உன்னை வீடியோ எடுத்து..."

"தெரியாம என்னடா? போனை ஒளிச்சு வச்ச முதல் நாளே பார்த்துட்டேன். ராணிக்குக் கோபமே வரலைன்னு சிநேகிதிகிட்ட போன்ல அழுதுகிட்டிருந்தா. எனக்கு மனசு கேக்கலை."

அம்மா கை தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"ஆனா தினமும் திட்டுறதுக்கு அவகிட்ட ஒரு குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிருச்சுடா."